முதல் ரீமிக்ஸை யார் காதில் போடுவது?

எல்லோருக்கும் வணக்கமுங்க. இப்போது ஒலித்த மெட்டு உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். 1989-ல் வந்த கேம்பாய் என்கிற கையடக்க கேம் கருவியில், டெட்ரிஸ் கேமில் கட்டைகள் விழ விழ ஓடுமே, அதுதான். கேமுக்காகவே போட்ட மெட்டு என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ‘கொரொபெய்னிகி’ என்கிற ரஷ்ய நாட்டுப்பாடல், வரிகள் நெக்ராசோவ் என்ற கவிஞர் 1861-ல் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. ஊர் ஊராகப் பெட்டி சுமந்து விற்கிறவர்கள் என்று அந்தப் பேருக்கு அர்த்தம். பெட்டியில் என்ன இருக்கிறது தெரியுங்களா? சீட்டித் துணியும் ஜரிகைத் துணியும்! ஈரோட்டு ஜவுளிச் சந்தையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது போதும், இந்த மெட்டுக்கு நம்ம ஊர்க் கொட்டு போட்டே ஆகணும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வாரம். உருமி, தவில், ஊர்த் திருவிழா நோம்பியில் போனில் பதிந்த ஜமாப் மேளம், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம், கிடார் என்று 31 டிராக், அதாவது தனித்தனி ஒலித்தடம். நண்பர்களுக்கு அனுப்பி “எப்படி இருக்கு?” என்றேன். “சூப்பர்டா மாப்ள” என்றார்கள். பொய் இல்லை, என் மேல் அவர்களுக்குப் பிரியம். ஆனால் மறுநாள் காலையில் புராஜெக்டைத் திறந்து உட்கார்ந்தால் எதைத் தொடுவது, எதை விடுவது என்று ஒன்றும் தெரியவில்லை. கேட்ட கேள்வியே சரியில்லை, அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில்தான் சொல்ல முடியும்?

அப்புறம் பெருந்துறைப் பக்கம் ஜமாப் அடிக்கிற அண்ணன் ஒருவரிடம் போனேன். இரண்டு தடவை கேட்டார். “தம்பி, மெட்டு ஓடுது, கொட்டு நின்னுக்கிட்டிருக்குது. மூட்டை தூக்கி நடக்கறவன் பாட்டுங்கற, நடையவே காணமே?” என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. மெதுவாக அடித்த ஜமாப்பை மெட்டின் வேகத்துக்கு மென்பொருளில் அமுக்கியிருந்தேன், அப்படிச் செய்தால் ஒவ்வொரு அடியின் முனையும் மழுங்கிவிடும். அவருக்கு மென்பொருள் தெரியாது, மழுங்கியது மட்டும் காதில் பட்டிருக்கிறது.

கோயமுத்தூரில் மிக்சிங், அதாவது ஒலித்தடங்களை அளவாகக் கலக்கிற வேலை செய்கிற அக்கா ஒருவர் வேறொன்றைப் பிடித்தார். கேம்பாயில் ஒரே நேரத்தில் ஒலிப்பது மொத்தமே நாலு குரல்தான். அதில் ஒன்று வெறும் இரைச்சல், டிரம்முக்கு அதைத்தான் வைத்துக்கொள்வார்கள். நாலே இருந்ததால் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறாது, மெட்டு தெளிவாக நிற்கும். “நீ 31 பேரை ஒரே திண்ணையில உக்கார வச்சிருக்க” என்றார். உருமியும் பேஸ் என்கிற அடிக்குரல் ஒலியும் கீழே ஒரே அலைவரிசையில் மோதிக்கொண்டிருந்தன.

எங்கள் அம்முச்சி, அம்மாவின் அம்மா, சொன்னதைத்தான் முக்கியமாகச் சொல்லணும். அவருக்கு டெட்ரிஸ் என்றால் என்னவென்றே தெரியாது. “நடுவால அந்தப் பாட்டு எங்க கண்ணு போயிருச்சு? சத்தமா வை” என்றார். பார்த்தால், அக்கா காட்டிய அதே இடம், 1 நிமிடம் 40 வினாடி. மெட்டின் சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் மோசமானது. சுற்றியிருந்ததைக் குறைத்தபோதுதான் மெட்டு வெளியே வந்தது. கேட்கிறவர் கை காட்டுகிற இடம் பெரும்பாலும் சரியாக இருக்கிறதுங்க, அவர் சொல்கிற மருந்துதான் சில சமயம் பொருந்தாது. அதனால் யார் என்ன சொன்னாலும் நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள், உடனே விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டு பேர் விரல் ஒரே வினாடியைத் தொட்டால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது.

22 டிராக்கை எடுத்துவிட்டேன். ஜமாப்பை அந்த அண்ணனே மெட்டின் வேகத்துக்குப் புதிதாக அடித்துக் கொடுத்தார். இப்போது அதைப் போடுகிறேன், 2 நிமிடம் 50 வினாடி. நல்லா இருக்கா என்று கேட்க மாட்டேன். எந்த வினாடியில் உங்கள் கவனம் வேறு பக்கம் போனது, அதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்து சாமி.