ஏரி நகர்ந்தால் எல்லை எங்கே?

அவையோர்க்கு வணக்கம்.

ஆப்பிரிக்காவின் சாட் ஏரியைப் பற்றிப் பேச வந்தால் இரண்டு செயற்கைக்கோள் படங்களை அடுத்தடுத்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. 1960களில் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர். 1980களின் நடுவில் 2,000க்கும் கீழே. அடடா என்கிறோம், கலைந்து போகிறோம். அந்தப் படங்களில் ஓர் ஆள்கூடத் தெரிவதில்லை என்பது மானிடவியல்காரர்களின் மனக்குறை. அதற்குப் பிறகு ஏரி ஓரளவு மீண்டு, ஏறியும் இறங்கியும் வருகிறது. 'செத்துக்கொண்டிருக்கும் ஏரி' என்று இன்னமும் எழுதுகிறவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

நைஜீரியா, நைஜர், சாட், கேமரூன் என நான்கு நாடுகளுக்குப் பொதுவான இந்த ஏரிக்குச் சில மீட்டர்தான் ஆழம். தரையோ தட்டை. நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்தாலே கரை கிலோமீட்டர் கணக்கில் விலகிவிடும். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இதற்குப் பழகியவர்கள். தீவுகளில் வாழும் யெடினா மக்களின் கூரி மாடுகளைப் பாருங்கள். ஊதிப் பருத்த கொம்புகளோடு, ஒரு தீவில் மேய்ச்சல் தீர்ந்தால் அடுத்த தீவுக்கு நீந்தியே போகும். நீர் விலகிய ஈரச் சேற்றில் மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விதைக்கிறார்கள். மழை வேண்டாம், மண்ணின் ஈரமே போதும். மீன்பிடிப்பு, உழவு, மேய்ச்சல் மூன்றையும் ஒரே குடும்பம் மாறி மாறிச் செய்வதும் உண்டு.

இதே கரையில் நைஜீரிய அரசு 1970களில் தென் சாட் பாசனத் திட்டத்தைத் தொடங்கியது. 67,000 ஹெக்டேருக்கு நீர் தருவது இலக்கு. கால்வாய் வெட்டியாயிற்று, பம்புகளும் வந்தாயிற்று. வறட்சியில் ஏரி பின்வாங்கியது. கால்வாய்க்கு நீர் எட்டவில்லை. ஏரி இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பியவர்கள் படித்த பொறியாளர்கள். உழவர்களோ ஏரியின் தரைக்கே இறங்கிப் பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, மக்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள் என்று கைகழுவிவிடக் கூடாது. நீரோடு சேர்ந்து நகர இடமிருக்கும் வரைதான் இந்தச் சாமர்த்தியம் செல்லுபடியாகும். பொலிவியாவின் பூபோ ஏரிக்கரையில் உரு மக்களுக்கு நிலமில்லை என்றே சொல்லலாம். சுற்றிலும் அய்மாரா உழவர்களின் நிலம். உரு மக்களுக்கு வாய்த்தது நீரும் அதிலுள்ள மீனும் பறவைகளும்தான். 2015 டிசம்பரில் ஏரி வறண்டுவிட்டதாக அறிவித்தார்கள். வறட்சியும் காரணம், வரவேண்டிய ஆற்றுநீரைப் பாசனத்துக்கும் சுரங்கங்களுக்கும் திருப்பியதும் காரணம். தரையில் இறங்கி விதைக்கலாமே என்றால், அது உப்புத் தரை. பலர் உப்பளங்களுக்கும் சுரங்கங்களுக்கும் கூலிக்குப் போனார்கள். இந்த ஏரி முன்பும் வறண்டு மீண்டிருக்கிறது. அது திரும்பும்வரை காத்திருக்கக் காலூன்ற ஓர் இடம் வேண்டாமா?

நகர்ந்தவர்கள் மட்டும் தப்பினார்களா? மறுபடி சாட் ஏரிக்கே வருகிறேன். பின்வாங்கிய நீரைத் தொடர்ந்துபோன நைஜீரிய மீனவர்கள் ஏரித் தரையில் குடிசை போட்டார்கள். டாரக் போன்ற ஊர்கள் அப்படி எழுந்தவை. பின்னாலேயே நைஜீரிய அரசின் பள்ளியும் மருத்துவ வசதியும் நிர்வாகமும் வந்தன. ஆனால் அந்த ஊர்கள் இருந்தது எல்லைக்கு அப்பால், கேமரூன் பக்கத்தில். வழக்கு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. தாங்கள் நெடுங்காலமாக ஆண்டுவரும் ஊர்கள் என்றது நைஜீரியா. அன்று அப்பகுதியை ஆண்ட பிரிட்டனும் பிரான்சும் 1931இல் உறுதிசெய்த எல்லைக்கோடே செல்லும் என்று 2002 அக்டோபர் 10 அன்று தீர்ப்பு வந்தது. 2003 டிசம்பரில் நைஜீரியா அங்கிருந்து விலகிக்கொண்டது.

சட்டப்படி அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கோட்டைப் போட்டவர்கள் கோடு போட்டது தண்ணீரின்மேல். அங்கே ஒருநாள் தெருவும் சந்தையும் வரும் என்று அவர்கள் நினைத்திருக்கவே மாட்டார்கள்.