வெளிநாட்டில் பறவை பார்க்க இடம் தேடுவது: முதல் பாடம் காவேரிப்பாக்கத்தில்

(காட்சி: காவேரிப்பாக்கம் ஏரிக்கரை, விடியற்காலை)

வணக்கம். மகள் வீட்டுக்கு, மருமகனைப் பார்க்க, வேலை விஷயமாக என்று வேலூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். பருப்புப்பொடியும் ஊறுகாயும் அடைத்த பெட்டியில் ஒரு பைனாகுலரும் போகட்டும். போன இடத்தில் எங்கே நின்று பார்ப்பது?

'சிறந்த பத்து இடங்கள்' என்ற பட்டியல்களை நான் நம்புவதில்லை. அவை ஊரைச் சொல்லும், மாதத்தைச் சொல்லாது. ஏரி வற்றிய ஜூலையில் வேடந்தாங்கலுக்குப் போய் வெறும் மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களைக் கேளுங்கள்.

(காட்சி: கைபேசித் திரை)

இது ஈபேர்ட். 2002இல் தொடங்கியது, அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துகிறது. பறவை பார்ப்பவர்கள் எங்கே, என்று, எத்தனை கண்டார்கள் என்று இதில் பதிகிறார்கள். வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் மாதவாரியாகப் பட்டைகள் வரும். பட்டை தடித்திருந்தால் அந்தப் பறவை அப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. மெலிந்திருந்தால் அதிர்ஷ்டம் வேண்டும்.

இதை முதலில் நம் ஊரில் பழகுங்கள். காவேரிப்பாக்கம் ஏரியையோ கோட்டை அகழியையோ தேடுங்கள். நீர்க்காகம் எப்போது வரும், வாத்துகள் எப்போது வரும் என்பது உங்களுக்கே தெரியும். பட்டை சொல்வதும் நீங்கள் கண்டதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே போகவில்லை என்று பார்த்தாலே பாதிப் படிப்பு முடிந்தது. இன்னொன்றும் புரியும்: ஓரிடத்தில் இனங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் பறவை இல்லை என்று பொருளல்ல, எண்ணுவதற்கு ஆள் போகவில்லை என்றும் இருக்கலாம்.

(காட்சி: சுங்கே பூலோ சதுப்புநிலம்)

இப்போது சிங்கப்பூர். வடமேற்கு ஓரத்தில் சுங்கே பூலோ. 2002 முதல் சட்டப்படி இயற்கைக் காப்பிடம். அனுமதி இலவசம். கிராஞ்சி ரயில் நிலையத்தில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம். வடக்கிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகளான உள்ளான்களும் கோட்டான்களும் (இந்தக் கோட்டான் ஆந்தை அல்ல) செப்டம்பர் முதல் மார்ச் வரை இங்கே இருக்கும்.

மாதத்தைச் சரியாகப் பார்த்துத்தான் நான் போனேன். ஆனாலும் குளங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. கடல் இறங்கியிருந்த நேரம் அது. பறவைகள் வெளிச் சேற்றுப் பரப்பில் இரை தேடிக்கொண்டிருந்தன, என் பைனாகுலருக்கு வெறும் புள்ளிகளாக. கடல் ஏறிச் சேறு மூழ்கினால்தான் அவை உள்குளங்களில் வந்து ஒதுங்கும். ஆற்றிலேயே தண்ணீரைக் காணாத பாலாற்றுக்காரனுக்கு, கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை எங்கே தோன்றும்? மறுநாள் அதைப் பார்த்துவிட்டுப் போனேன். கரையோரம் முழுக்க ஒற்றைக்காலில் தூங்கும் உள்ளான்கள். முதலைகளும் உண்டு, பாதையை விட்டு இறங்காதீர்கள்.

ஒரே ஒரு பறவைக்காக இடம் தேர்வதென்றால் புலாவ் உபின் தீவு. அங்கே வைக்கோல் நிறத் தலையுள்ள ஒரு சின்னான் (புல்புல்) இருக்கிறது. நம் தோட்டத்துச் சின்னானைவிடப் பெரியது, குரலில் அத்தனை இனிமை. அந்தக் குரலே அதற்குப் பகையானது: கூண்டில் வைத்துப் பாட்டுக் கேட்பதற்காகப் பிடித்துப் பிடித்தே தென்கிழக்கு ஆசியாவின் பல பகுதிகளில் இல்லாமல் செய்துவிட்டார்கள். சிங்கப்பூரில் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. அதன் குரலை முன்பே கேட்டுக்கொண்டு போங்கள், இலைக்குள்ளிருந்துதான் பாடும்.

உபினுக்குப் படகில்தான் போக வேண்டும். சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரிதான். விடியலிலேயே போய் வரிசையில் நில்லுங்கள்.