மன்னித்த ஆளுநர்

(வாசகர் வட்டத்தின் மே தினக் கூட்டத்தில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, மாடியைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, மைக் செட் தந்த ஐயா அவர்களே, இடமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். விட்டுப்போனவர்கள் கோபிக்க வேண்டாம். கோபித்தால்தான் என்ன செய்வது, ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். 1893 முதல் 1897 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநில ஆளுநர். அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் வருகிறவர். நம் முதலமைச்சர் மாதிரி. அவருடைய இளமை, சிறைச் சீர்திருத்தம், மன்னிப்பு என்று மூன்று சங்கதி பேசப்போகிறேன்.

1847இல் ஜெர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாக ஒஹாயோ வந்தவர். வாத்தியார், வக்கீல், சிகாகோவில் நிலம் வாங்கி விற்றுப் பணக்காரர், நீதிபதி. சிறைகளைப் பற்றி 1884இல் புத்தகமே எழுதினார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

1886 மே மாதம். எட்டு மணி நேர வேலை கேட்டு சிகாகோவில் வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் செத்தார்கள். மே 4 இரவு, ஹேமார்க்கெட்டில் கண்டனக் கூட்டம். அது கலையும் நேரத்தில் போலீஸ் படை வருகிறது. யாரோ குண்டு வீசுகிறார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் எட்டுப் பேர்மேல் வழக்கு! நான்கு பேருக்குத் தூக்கு. முந்தின நாளே ஒருவர் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். மிச்சம் மூவர் ஜோலியட் சிறையில்.

ஆளுநரான ஆல்ட்கெல்ட் வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் படித்தார். 1893 ஜூன் 26, மூவருக்கும் விடுதலை. கருணை காட்டினேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மனுஷன் அப்படிச் செய்யவில்லை. குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியைத் தோதாகப் பொறுக்கினார்கள், நீதிபதி ஒருதலைப்பட்சம், குற்றம் நிரூபணமாகவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினார். உத்தரவை யாரிடம் கொடுத்தார் தெரியுமா? டிரையர் என்ற வங்கிக்காரரிடம். வழக்குத் தொடரலாமா என்று முதலில் முடிவு செய்கிற குழு பெருஞ்ஜூரி. இந்த எட்டுப் பேர்மேல் குற்றம் சாட்டிய அந்தப் பெருஞ்ஜூரியில் இருந்தவர்! பிறகு மனம் மாறி, விடுதலை கேட்டு அலைந்தவர். காகிதம் கைக்கு வந்ததும் உடைந்து அழுதுவிட்டார். (கைதட்டல்.) தட்டுங்கள், தட்டுங்கள். அன்று பெரும்பாலான பத்திரிகைகள் தட்டவில்லை. அராஜகவாதி, அந்நியன் என்று கிழித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

1894 புல்மேன் ரயில்வே வேலைநிறுத்தத்தில், தன்னைக் கேட்காமல் ராணுவத்தை அனுப்பிய ஜனாதிபதி கிளீவ்லாந்தையும் எதிர்த்தார். தன் கட்சி ஜனாதிபதியை! 1896 தேர்தலில் தோற்றார். புது ஆளுநர் பதவியேற்பில் இவரை விடைபெற்றுப் பேசக்கூட விடவில்லை. ஊர் வாய்க்குக் கிடைக்காத மூடி இவர் வாய்க்கு மட்டும் கிடைத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1893இலேயே சட்டம் போட்டு, ஃபுளோரன்ஸ் கெல்லி என்ற பெண்மணியைத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக வைத்தவர் ஆல்ட்கெல்ட். எட்டு மணி நேரப் பிரிவை 1895இல் நீதிமன்றம் அடித்துவிட்டது. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடினார். கடைகளுக்கும் எட்டு மணி நேரம் என்று 1947லிருந்தே சட்டம் இருக்கிறது. உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் திருத்தமும் வந்தது. வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, பொன்னாடைக்கு நன்றி; அதை மடித்துக் கொடுத்த அந்தத் தங்கை இன்று காலையிலிருந்து எத்தனை மணி நேரம் நின்றாள்?

சிறைச் சீர்திருத்தத்துக்கு நேரமில்லை, துண்டுச்சீட்டு வந்துவிட்டது. வாசலில் மனு வைத்திருக்கிறோம். கடைக்கு ஒரு நாற்காலி, ஆளுக்கு எட்டு மணி நேரம். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். தலைவர் முதலில் போட்டால் வரிசை சீக்கிரம் நகரும்.