வாசம் உள்ளே, பாட்டு வெளியே

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மரத்தையும் ஒரு பறவையையும் பக்கத்தில் வைத்துப் பேச அழைத்திருக்கிறார்கள். தென்கிழக்கு ஆசியாவின் அகில் மரத்தையும், வைக்கோல் நிறத் தலை கொண்ட கொண்டைக்குருவியையும் எடுத்துக்கொள்கிறேன். சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இரண்டுமே 2018 முதல் மிக அருகிவிட்ட இனங்கள்.

நோயில்லாத அகிலை வெட்டினால், வெளிறிய மணமற்ற மரம்தான் கிடைக்கும். காயம் பட்டுப் பூஞ்சை தொற்றினால்தான் அது தன்னைக் காத்துக்கொள்ளக் கரிய பிசினைச் சுரக்கும். வளைகுடா நாடுகளில் ஊத் என்று பெரும் விலைக்குப் போவது அந்தப் பிசின் ஊறிய கட்டை. எந்த மரத்தில் அது இருக்கிறது என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. அனுபவசாலிகள் அங்கங்கே சீவிப் பார்த்து ஊகிப்பார்கள். திருட்டுக் கும்பலுக்கு ஏது அந்தப் பொறுமை? மரத்தையே சாய்த்துவிடுகிறது. உள்ளே ஒன்றும் இல்லையென்றால், போனது போனதுதான்.

பறவை இதற்கு நேர் எதிர். சுமார் 29 சென்டிமீட்டர் நீளம். ஆற்றங்கரைப் புதர்களில் ஜோடியாகச் சேர்ந்து உரக்கப் பாடும். தான் இருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடுவதால், பிடிப்பவனுக்குத் தேடும் வேலை மிச்சம். கூண்டுப் பறவைப் பாட்டுப் போட்டிகளுக்குப் பேர்போன ஜாவாவின் காடுகளில் இன்று இது கிட்டத்தட்ட இல்லை. தாய்லாந்திலும் அதே நிலைதான். காடு நன்றாக இருக்கும் இடங்களிலும்கூடக் காணாமல் போயிருக்கிறது. எனக்கு உறுத்துவது இதுதான்.

சரி, வளர்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். வளர்க்கிறார்கள். அசாமில் வீட்டுத் தோப்புகளிலேயே அகில் உண்டு. தோட்டங்களில் மரத்தில் துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்திப் பிசினை வரவழைக்கிறார்கள். ஆனால் விதையைச் சேமித்து வைக்க முடியாது, காய்ந்தால் முளைக்காது. பறவையும் கூண்டில் குஞ்சு பொரிக்கிறது. ஆனால் காட்டில் பிடித்ததைக் கூண்டில் பிறந்தது என்று சொல்லி விற்றால் யார் கண்டுபிடிப்பது?

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின், அனுமதியோடு வணிகம் செய்ய விடும் இரண்டாம் பட்டியலில் அகில் 1995-இலும் பறவை 1997-இலும் சேர்ந்தன. 2022-இல் அதன் பனாமா மாநாடு பறவையை, இன்னும் கடுமையான முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. ஆனால் அந்தச் சட்டம் நாடு தாண்டும் வணிகத்துக்குத்தான். உள்ளூர்ச் சந்தையில் கூண்டு கைமாறுவதை அது தடுக்காது.

இந்தப் பறவையைக் காட்டில் கேட்க வேண்டுமானால், இன்று சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குப் போவது நல்லது. பெருங்காடுகள் கொண்ட போர்னியோ தீவோடு ஒப்பிட்டால் அங்கே இருப்பதெல்லாம் ஒரு காடா? பறவையைப் பிடித்துப் போகிறவர்கள் குறைவு, அவ்வளவுதான்.