பாளையங்கோட்டையில் வீட்டுக்கல்வி: எங்கள் குடும்பத்தின் சாதாரண நாள்

நேயர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். பிள்ளைகள் மூவரும் பாட்டியுடன் மாடியில் இருப்பதால், இன்று சற்று நிதானமாகப் பேச எனக்கு நேரம் வாய்த்திருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் ஒரு கிறிஸ்தவத் தாயின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். நாங்கள் இருப்பது பாளையங்கோட்டை என்பதால், அந்தக் கேள்வியில் கொஞ்சம் வியப்பும் கொஞ்சம் கண்டிப்பும் கலந்திருந்ததை நான் கவனித்தேன். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயரெடுத்த ஊரில், வீட்டை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பள்ளிக்கூடத்து மதில் தெரியும் ஊரில், எதற்காக இந்த வேலை என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

இதே கேள்வியை உங்களுக்கு முன்னால் கேட்டவர் என் மாமியார். மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் முடிவைச் சொன்ன அன்று அவர் சத்தம் போடவில்லை. “பள்ளிக்கூடம் மட்டும் இல்லேன்னா நம்ம குடும்பம் இன்னைக்கும் பனைதான் ஏறிக்கிட்டு இருந்திருக்கும், அதை மறந்திராத” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. 1820ஆம் ஆண்டு ரேனியஸ் ஐயர் என்ற மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த பிறகு, இந்தச் சீமையில் சபை வளர்ந்த இடத்திலெல்லாம் பள்ளிக்கூடமும் கூடவே வளர்ந்தது. பல கிராமங்களில் வார நாள்களில் பிள்ளைகள் படித்த அதே கட்டடத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்தது. இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார், பெண்பிள்ளைகளைப் படிக்க வைப்பதே வீண் என்று எண்ணிய காலத்தில், அவர்களுக்குப் பள்ளி நடத்தியதோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பள்ளிகளால் எழுந்து நின்ற ஒரு குடும்பத்தின் மருமகள் நான். ஆகையால் பள்ளிக்கூடம் சாத்தானின் இடம் என்பது போலப் பேசும் சில பிரசங்கங்களை நான் ஒரு நாளும் ஏற்றுக்கொண்டதில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் தங்கள் பாட்டனார் எங்கே எழுத்துக் கற்றார் என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.

நாங்கள் வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அச்சமும் அல்ல, பள்ளியின் மேல் கோபமும் அல்ல. வேதாகமத்தின் உபாகமம் ஆறாம் அதிகாரத்தில், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் பிள்ளைகளோடு தேவனுடைய வார்த்தைகளைக் குறித்துப் பேசும்படி சொல்லியிருக்கிறது. காலை ஏழரை மணிக்கு வேனில் ஏறி, மாலை ஐந்துக்கு இறங்கி, டியூஷன் முடித்து எட்டரைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தூங்கி விழும் பிள்ளையோடு நான் எந்த வழியில் நடப்பது, எப்போது பேசுவது என்ற கேள்விக்கு எனக்கும் என் கணவருக்கும் வீட்டுக்கல்வியைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லை.

இப்போது நாளுக்கு வருகிறேன். காலையில் ஒரு சங்கீதம் வாசித்து, சிறிய ஜெபத்தோடு எழுகிறோம். நீண்ட குடும்ப ஜெபம் இரவில், என் கணவர் வேலை முடிந்து வந்த பிறகு. பெண்பிள்ளைக்கு ஒன்று, ஆண்பிள்ளைக்கு வேறு என்று பிரிக்காமல் மூவருக்கும் வீட்டு வேலை உண்டு. ஒன்பது மணிக்குப் பாடம் தொடங்கினால் பன்னிரண்டரைக்கு முடித்துவிடுவேன். ஆறு வயது இளையவனுக்கு ஒரு பாடம் கால் மணி நேரத்தைத் தாண்டாது. இந்த முறையை நான் ஷார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். 1842இல் பிறந்து 1923இல் மறைந்த அந்த அம்மையார், பாடவேளை குறுகியதாக இருக்க வேண்டும், பிள்ளை ஒரு பகுதியை ஒரே ஒரு முறை கவனமாகக் கேட்டுவிட்டுத் தன் சொந்த வார்த்தைகளில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் அதன் வலிமை புரியும். தாவீதும் கோலியாத்தும் கதையை ஒன்பது வயது நடுப்பிள்ளை திருப்பிச் சொன்னபோது, கவணைப் பற்றி இரண்டு வரியும், தாவீது தன் அண்ணன்மாருக்குக் கொண்டுபோன வறுத்த பயற்றையும் அப்பங்களையும் பற்றிப் பத்து வரியும் வந்தன. அவனுடைய மனம் எங்கே நிற்கிறது என்பதை எந்தத் தேர்வுத்தாளும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியிராது.

புத்தகங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கிறிஸ்தவ வீட்டுக்கல்வி என்றவுடன் பலர் அமெரிக்கப் பாடத்திட்டங்களை வரவழைக்கிறார்கள். அவை அழகாக அச்சிடப்பட்டவை, விலையும் அதற்கேற்றபடி இருக்கும். ஆனால் நிக்கல், டைம் என்ற அமெரிக்கச் சில்லறைக் காசுகளை எண்ணி, பனிமனிதன் செய்து, இலையுதிர் காலத்துக்கு வண்ணம் தீட்டும் பக்கங்களை வெயில் கொளுத்தும் திருநெல்வேலியில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்து என்ன பயன்? கணிதத்துக்கும் அறிவியலுக்கும் தமிழுக்கும் நான் சமச்சீர்ப் பாடநூல்களையே பயன்படுத்துகிறேன். அரசின் இணையதளத்தில் அவற்றை இலவசமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம், கட்டிய புத்தகமாகவும் வாங்கலாம். விசுவாசத்தைப் பாடநூல் நிறுவனம் ஊட்ட வேண்டியதில்லை, அது எங்கள் பொறுப்பு. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமம் பற்றிய பாடம் இருக்கிறதே, அதை என்ன செய்வீர்கள் என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். அதையும் வாசிப்போம், முழுமையாக வாசிப்போம். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நாங்கள் வீட்டில் இருக்கிறோம் அல்லவா?

வீட்டில் படிப்பதன் உண்மையான லாபம் பாடநூலுக்கு வெளியேதான் இருக்கிறது. எங்கள் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்ற வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்து, பிறகு ஆலயத்துக்குக் கொடுப்போம். பின்னத்தையும் சராசரியையும் என் நடுப்பிள்ளை அந்தப் பானையில்தான் கற்றான். சமையலறைத் தராசில் வைத்தால் என் பிடி ஏறக்குறைய நாற்பது கிராம் வருகிறது. இளையவனுடையது பதினைந்தைத் தாண்டுவதில்லை. தினம் நாற்பது கிராம் என்றால் முப்பது நாளில் ஒரு கிலோ இருநூறு கிராம்; இருநூறு குடும்பங்கள் அப்படிச் சேர்த்தால் இருநூற்று நாற்பது கிலோ. அந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது அவன் முகத்தில் வந்த மாற்றம், காணிக்கையைப் பற்றி நான் செய்திருக்கக்கூடிய எந்த உபதேசத்தாலும் வந்திருக்காது. சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைபொருள்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையும் அப்படித்தான்: கடையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பப்பாளிப் பழம் அங்கே ஐந்நூறுக்குப் போகும்போது, விலை வேறு, மதிப்பு வேறு என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

பதநீர்க் காலத்தில் உடன்குடிப் பக்கத்தில் இருக்கும் என் கணவரின் சித்தப்பா தோட்டத்துக்குப் போவோம். 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாளை வெட்டி ஒட்டியவள் என் மூத்த மகள். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவது எதற்காக என்று அவளுக்கு அங்கே சந்தேகம் வந்தது. பதநீரில் இருக்கும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் ஈஸ்ட், காரத்தன்மையில் எளிதில் வளராது. சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே கள்ளாகத் தொடங்கிவிடும். மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்த காகிதத் துண்டுகளை நாங்கள் கொண்டு போயிருந்தோம். சுண்ணாம்பு படிந்த கலயத்தின் அடியில் வைத்ததும் காகிதம் சிவந்தது. பிறகு அடுப்பங்கரையில் காய்ச்சுவதைப் பார்த்தார்கள்: பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒன்று, ஒன்றரைக் கிலோ கருப்பட்டிதான் தேறும். அந்தப் பாகைச் சிரட்டையில் ஊற்றி ஆறவைக்கும் வேலையை இளையவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்களோடு வந்திருந்த என் மாமியார், தன் தகப்பனார் ஏறிய மரங்கள் நின்ற இடத்தைப் பேத்திக்குக் காட்டி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் மூவருக்கும் தமிழ்ப்பாடம் எடுப்பது அவர் பொறுப்பாயிற்று. ஒற்றுப்பிழையை அவர் மன்னிப்பதில்லை. அந்த விஷயத்தில் என்னையும் மன்னிப்பதில்லை.

சட்டத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்குகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் பத்தாவது பிரிவு கூறுகிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டம் தண்டனை எதையும் குறிப்பிடவில்லை. வீட்டுக்கல்வியை அது அங்கீகரிக்கவும் இல்லை, பெயர் சொல்லித் தடை செய்யவும் இல்லை. இந்த நிலையைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். தேர்வுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ்., பலருக்கு வழியாக இருக்கிறது. பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். தமிழ் வழியிலும் எழுதலாம். ஐந்து பாடங்கள் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு உண்டு. ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை, ஐந்து ஆண்டுகள் வரை பதிவு செல்லும். ஆனால் உங்கள் பிள்ளை பின்னால் எந்தப் படிப்புக்கோ வேலைக்கோ போக விரும்பினால், அந்தச் சான்றிதழ் அங்கே ஏற்கப்படுமா என்பதை முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்து, என் வீடியோ உட்பட, அந்த முடிவை எடுக்காதீர்கள்.

பிள்ளைகள் யாரோடு பழகுவார்கள் என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, மே மாத வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி, தெருவில் மாலை நேர கிரிக்கெட் ஆகியவற்றுக்குப் பிறகு என் பிள்ளைகள் தனிமையால் வாடியதாக எனக்குத் தெரியவில்லை. கடினமானது வேறொன்று. ஒரே சம்பளத்தில் ஐந்து உருப்படிகளும் பாட்டியும் வாழ வேண்டும். காய்ச்சலோ தலைவலியோ வந்தாலும் ஆசிரியைக்கு விடுப்பு கிடையாது. பாத்திரம் விளக்கிக்கொண்டே வகுத்தல் சொல்லிக்கொடுக்கும் நாள்களில் பொறுமை கழுவிய நீரோடு போய்விடும். இதைச் சொல்லாமல் ஜெபமும் பாட்டும் மட்டும் காட்டும் வீடியோக்களைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம்.

ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். பன்னிரண்டு வயதான என் மூத்த மகள், ஜூன் மாதத்தில் எட்டாம் வகுப்பில் சேரப் போகிறாள். ஆய்வகமும் கூடைப்பந்து மைதானமும் வேண்டும் என்று அவளே கேட்டாள். அவற்றை நான் வீட்டில் கொடுக்க முடியாது. இதுவரை பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தின் நான்காவது பிரிவு சொல்வதால், சேர்க்கையில் சிக்கல் எழவில்லை. இது வீட்டுக்கல்வியின் தோல்வியா என்று யாராவது கேட்டால், தனக்கு எது தேவை என்று ஒரு பிள்ளை யோசித்து, காரணத்தோடு பெற்றோரிடம் கேட்டதைத் தோல்வி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தம்பிகள் இருவருக்கும் வீட்டிலேயே பாடம் தொடரும். அவள் கிளம்பும் நேரத்துக்கேற்பக் காலைச் சங்கீதத்தை ஆறு மணிக்கு மாற்றியிருக்கிறோம். எழுந்திருக்க இப்போதே முனகுகிறவர்கள் பள்ளிக்குப் போகாத அந்த இரண்டு பேர்தான்.