டைபாய்டு என்று சொல்லிவிட்டோம், சரிதானா?

சரி, அடுத்த கேள்விக்கு வருகிறேன். தேனிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், சொல்லவில்லை. நீளமான கேள்வி, சுருக்கிப் படிக்கிறேன்.

"சார், என் மகளுக்கு இருபது வயது. கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். இரண்டு பேப்பரில் அரியர் விழுந்ததிலிருந்து சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. ஹாஸ்டல் வார்டன் போன் செய்து, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் ஆகிறது, இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். சொந்தக்காரர்களிடம் டைபாய்டு என்று சொல்லி வைத்திருக்கிறோம். போன வாரம் என் நாத்தனார் வந்தபோது மாத்திரை அட்டையை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். அதை மகள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவள் நல்லதுக்குத்தானே சார் செய்தோம்? நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் என்ன செய்வது? மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?"

அம்மா, முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு, படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு இரு என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் ஒரு பெரிய கணக்கெடுப்பு செய்தது, தமிழ்நாடும் அதில் உண்டு. மனச்சோர்வு, பதற்றம் மாதிரியான பொதுவான பிரச்சினை உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சைக்கே போகவில்லை என்று அதில் தெரிந்தது. உங்கள் மகள் மீதிப் பதினைந்து பேரில் ஒருத்தி. அந்த வேலையை நீங்கள்தான் செய்தீர்கள்.

அப்புறம் அரிசி டின்னுக்கு வருவோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கும், பிரஷர் இருக்கும். அந்த மாத்திரை எங்கே இருக்கிறது? டிவி மேல், சாமி படத்துக்குப் பக்கத்தில், சாப்பாட்டு மேஜையில். விருந்தாளி வந்தால் அதை யாரும் ஒளித்து வைப்பதில்லை. "எனக்கு ஐந்நூறு, உங்களுக்கு எவ்வளவு?" என்று மாத்திரை அளவை ஒப்பிட்டுப் பேசுகிறோம். இந்த ஒரு அட்டை மட்டும் அரிசிக்குள் போகிறது. அதைப் பார்த்த பெண்ணுக்கு, அம்மா மாத்திரையை ஒளிக்கிறாள் என்று தோன்றியிருக்காது. அம்மா என்னை ஒளிக்கிறாள் என்றுதான் தோன்றியிருக்கும்.

தப்பு செய்துவிட்டோம் என்று நினைப்பது ஒன்று. நானே ஒரு தப்பு என்று நினைப்பது வேறு. முதலாவதற்கு வழி உண்டு. அரியரை எழுதிவிடலாம், மன்னிப்புக் கேட்டுவிடலாம். (இன்ஜினியரிங் படிப்பில் அரியரே வைக்காதவர்களை நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.) இரண்டாவதுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை, ஒளிந்துகொள்வதைத் தவிர. மனச்சோர்வு ஏற்கனவே அந்தப் பெண்ணின் காதில் "நீ லாயக்கில்லாதவள், எல்லாருக்கும் பாரம்" என்று ஓதிக்கொண்டே இருக்கும். அது அந்த நோயின் குணம். அந்த நேரத்தில் வீடும் அவளை மறைத்தால், "பார், நான் சொன்னது சரிதானே?" என்று நோய் கேட்கும். வெட்கம் நோயைக் கூட்டுவது இப்படித்தான். நீங்கள் ஒரு வார்த்தைகூடத் திட்ட வேண்டியதில்லை.

நீங்கள் ஏன் பயந்தீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. நம் தலைமுறைக்கு மனநோய் என்றால் மனதில் வரும் படம் என்ன? "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சினிமாவில் போட்ட ஜோக். 1794இல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி அது. எத்தனை லட்சம் பேரைக் குணப்படுத்தி அனுப்பியிருக்கும்! நமக்கு அதன் பெயரே வசவாகிவிட்டது. இல்லாவிட்டால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. அங்கே இருந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலியைப் பேப்பரில் பார்த்த அம்மாக்கள் பிள்ளைக்கு "மனநோய்" என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்குவது இயல்பு. ஆனால் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள். காலேஜ் பையன், பஸ் கண்டக்டர், டீச்சர், பிள்ளை பெற்று இரண்டு மாதமான பெண். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற அதே ஆட்கள்தான்.

இன்னொன்று கவனித்தீர்களா? பிள்ளைகள் எங்களைப் போன்ற ஆலோசகர்களிடம் வந்து "மனசு சரியில்லை" என்று ஆரம்பிப்பது ரொம்பக் குறைவு. தலைவலி, நெஞ்சு படபடப்பு, வயிற்றைப் பிசைகிறது, அசதி. நம் வீட்டில் உடம்பு வலிக்கு அனுமதி உண்டு, மனசு வலிக்கு இல்லை. அதனால் மனசு உடம்பின் பெயரைக் கடன் வாங்கிக்கொள்கிறது. பழைய பேப்பர்களில் "தீராத வயிற்று வலியால் இளம்பெண் தற்கொலை" என்று எத்தனை செய்தி படித்திருப்போம்? படித்தவர்கள் எல்லாருக்கும் அது வயிற்று வலி மட்டுமாக இருக்காது என்று தெரியும். யாரும் கேட்க மாட்டார்கள். குடும்ப மானம் ஒரு காரணம், போலீஸ் கேஸ் பயம் இன்னொரு காரணம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்மேல் இந்தியத் தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவில் வழக்குப் போடலாம் என்று இருந்த காலம் அது. இன்று அப்படி இல்லை. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை. சட்டம் மாறிவிட்டது, வயிற்று வலி என்று சொல்லும் பழக்கம் மட்டும் நம்மிடம் மிச்சம் இருக்கிறது. உங்கள் வீட்டில் அதற்கு டைபாய்டு என்று பெயர்.

"அப்போ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். நான் அதைச் சொல்லவே வரவில்லை. மனம்விட்டுப் பேசுங்கள், வெளிப்படையாக இருங்கள் என்று மேடையில் பேசுவது சுலபம். தெருவில் குடியிருப்பது நீங்கள். கேள்வி வேறு: இது யாருடைய ரகசியம்?

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஆலோசகராக வேலை ஆரம்பித்த புதிதில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு பையன். யோசிக்காமல், "என்னப்பா, எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் அவன் தாய்மாமா. "சாரை உனக்கு எப்படிடா தெரியும்?" என்றார். பையன் முகத்தில் ரத்தமே இல்லை. "கம்ப்யூட்டர் கிளாஸ் சார், மாமா" என்றான். நானும் தலையை ஆட்டிவிட்டு, "ஆமா, நல்லாப் படிக்கிற பையன்" என்றேன். எனக்கு அன்றைக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்யக்கூடத் தெரியாது. கேட்டது என் தப்பு. அதற்கப்புறம் வெளியில் பார்த்தால் நானாக யாரிடமும் முதலில் பேசுவதில்லை. ஆனால் அந்தப் பொய்க்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. ஏனென்றால் அது அவன் சொன்ன பொய். எவ்வளவு சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவன் முடிவு செய்தான், நான் கூட நின்றேன். உங்கள் டைபாய்டை முடிவு செய்தது யார்? உங்கள் மகளைக் கேட்டீர்களா? இருபது வயதுப் பெண் அவள். தன் மனநலம் பற்றிய விஷயத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது அவளுடைய உரிமை என்று நான் சொன்ன அதே 2017 சட்டம் சொல்கிறது. அவளுடைய உரிமை, குடும்பத்தின் உரிமை அல்ல.

ஒருவேளை அவளே, "அத்தைக்குத் தெரிய வேண்டாம்மா" என்று சொல்லலாம். ரொம்ப நல்லது, சொல்லாதீர்கள். அப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு விஷயத்தைக் காப்பாற்றுகிறீர்கள். இப்போது நீங்கள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். டைபாய்டு என்ற கதையை மட்டும் விட்டுவிடுங்கள். அத்தை போன் செய்து "காய்ச்சல் விட்டதா, கஞ்சி குடிக்கிறியா?" என்று கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண் நடிக்க வேண்டியிருக்கிறது. "உடம்புக்கு முடியல, டாக்டரைப் பாக்குறோம், இப்ப தேவலை." இவ்வளவு போதும். இதில் பொய்யும் இல்லை, விவரமும் இல்லை.

கல்யாணம். நாத்தனார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு மகன் இருக்கிறானா என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. 1955ஆம் வருட இந்துத் திருமணச் சட்டத்தில் மனநோய் பற்றி இருக்கிறது, உண்மை. ஆனால் அது பேசுவது சம்மதம் கொடுக்க முடியாத நிலை, இல்லறம் நடத்தவே முடியாத அளவுக்கு நோய், திரும்பத் திரும்ப வரும் சித்தபிரமை பற்றி. இருபது வயதில் மனச்சோர்வு வந்து சரியானது அந்தக் கணக்கில் வராது. அதே பட்டியலில் 1999 வரை காக்கை வலிப்பும் இருந்தது தெரியுமா? அந்த வருடம் எடுத்துவிட்டார்கள். நேற்றைக்குத் தடையாக இருந்தது இன்றைக்கு இல்லை. கல்யாணம் என்று நிஜமாகவே வரும்போது, அன்றைக்கு அவள் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், மாப்பிள்ளையிடம் அவளே சொல்வது நல்லது. முக்கியமான விஷயத்தை மறைத்துச் சம்மதம் வாங்கினால் அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதைவிட, கல்யாணமான மறுநாளே மாத்திரையை ஒளித்து, பிறகு பயந்து நிறுத்தி, ஆறாவது மாதம் நோய் திரும்பி வந்து நிற்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே அரிசி டின் மாமியாருடையது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? இப்போது இல்லை. நன்றாக இருக்கிறாள் என்றால் அது மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை. சாதாரணமாக, முழுக்கச் சரியான பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை தொடரச் சொல்வார்கள். பிறகு டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். பழக்கமாகிவிடுமோ என்ற பயமும் இருக்கும். மனச்சோர்வு மாத்திரை போதை மாத்திரை இல்லை, தூக்க மாத்திரையும் இல்லை. சந்தேகம் இருந்தால் சீட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடமே கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று அவளிடம் கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலான பெற்றோர் கேட்பதில்லை. கேட்டால் இல்லாத நினைப்பை உண்டாக்கிவிடுவோமோ என்று பயம். அப்படி ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை, ஏற்கனவே இருந்தால் இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது. 2022இல் மட்டும் இந்தியாவில் 13,000 மாணவர்களுக்கு மேல் தற்கொலையால் இறந்தார்கள் என்று தேசியக் குற்றப் பதிவேட்டுக் கணக்கு சொல்கிறது. ஆமாம் என்று அவள் சொன்னால் பதறாதீர்கள், திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாமல் கூட இருங்கள், டாக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். நடு ராத்திரி என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இன்றைக்குச் சாயங்காலம் செய்ய வேண்டியது இதுதான். அரிசி டின்னிலிருந்து அந்த அட்டையை எடுங்கள். அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "அத்தையைப் பாத்ததும் பயந்துட்டேன்டி, உன்னைக் கேக்காம செஞ்சது தப்புதான், இதை எங்க வைக்கட்டும்?" என்று கேளுங்கள். டிவி மேல் வை என்றால் டிவி மேல். என் அலமாரிக்குள் வை என்றால் அலமாரிக்குள். உடனே அவள் பேசாமலும் போகலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பரவாயில்லை, அட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்து இட்லி ஊற்றுங்கள்.

அடுத்த கேள்வி ஓசூரிலிருந்து. தூக்கம் பற்றிக் கேட்டிருக்கிறார்.