கதவைத் திறந்தவை மர்ம நாவல்களே

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, வேலை முடிந்த களைப்போடும் புத்தகங்களைப் பற்றிக் கேட்க வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"புதிய வாசகரை வாசிப்புக்குள் அழைத்து வருவது சரித்திர நாவலா, மர்ம நாவலா?" என்பது தலைப்பு. மர்ம நாவலே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்கள் காட்டுமன்னார்கோயிலுக்கே போய் உடையார்குடிக் கல்வெட்டைத் தேடுகிறார்கள், இந்தப் பெருமை எந்த மர்ம நாவலுக்கு உண்டு என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் என்ன இருக்கிறது? சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் சொத்தோடு விடவில்லை. பெண் கொடுத்த மாமனார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள் வரை ஒவ்வோர் உறவாகச் சொல்லி, அவர்கள் உடைமையையும் பறிமுதல் செய்யச் சொல்கிறது ராஜராஜன் காலத்து ஆணை. படித்தாலே உடம்பு சிலிர்க்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கொலை வழக்கின் ஆவணம் அது. வாசகர் பஸ் ஏறி அங்கே போவதற்குக் காரணம், கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வியைக் கல்கி கடைசிவரை அவிழ்க்காமல் விட்டதுதான். அவரைக் கூட்டிப்போனது மர்மம், நடுவர் அவர்களே.

கல்கியின் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. அதனால்தான் அவர் வாசகரை எங்கே பிடித்தார் என்று கவனித்துப் படிக்கிறேன். வீரநாராயண ஏரிக் கரையையும் ஆடிப் பெருக்கையும் காட்டுகிறார், ரசிக்கிறோம். ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் போவது கடம்பூர் மாளிகையில். நள்ளிரவு. தூக்கம் கலைந்த கதாநாயகன் வந்தியத்தேவன் மறைவில் நின்று பார்க்கிறான். பழுவேட்டரையரும் சிற்றரசர்களும் கூடி ரகசியமாகப் பேசுகிறார்கள். பழுவேட்டரையரின் இளையராணி இருப்பதாக எல்லோரும் நம்பிய மூடுபல்லக்கின் திரை விலகுகிறது. இறங்கி வருவது அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகன்! அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தவர் யாராவது இந்த அரங்கில் இருந்தால் கை தூக்கலாம். சரித்திரம் அங்கே களம். பக்கத்தைப் புரட்டவைத்தது பல்லக்கின் திரை.

சரி, வரலாற்றையே பேசுவோம். தமிழில் முதல் சரித்திர நாவலை எழுதியவர் திருகோணமலைக்காரரான த. சரவணமுத்துப் பிள்ளை. மோகனாங்கி, 1895. போற்ற வேண்டிய முயற்சி. ஆனால் அதன் பின்னால் பெரிய வாசகர் கூட்டம் எதுவும் திரண்டு வரவில்லை. கூட்டம் திரண்டது ஜே. ஆர். ரங்கராஜுவுக்கு, ஆரணி குப்புசாமி முதலியாருக்கு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்காருக்கு. அவர்கள் கதைகளில் வந்த துப்பறியும் கோவிந்தனையும் திகம்பர சாமியாரையும் மக்கள் சொந்தக்காரர்களைப் போல அறிந்திருந்தார்கள். வடுவூராரின் மேனகா 1935-இல் சினிமாவாகவே வந்துவிட்டது. கல்கி தம் முதல் சரித்திர நாவலான பார்த்திபன் கனவைத் தொடங்கியது 1941-இல். அவர் வந்தபோது வாராவாரம் காத்திருந்து கதை படிக்கும் ஒரு வாசகர் படை தயாராக இருந்தது. அந்தப் படையைத் திரட்டியதில் மர்மக் கதைக்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்களுக்கு இந்த மேடையிலாவது நன்றி சொல்ல வேண்டும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா, "பாக்கெட் நாவல் ஒரு பயணத்துக்குத்தான் தாங்கும், இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள்" என்றார். அம்மா, அந்தப் புத்தகத்தின் பெருமையே அதுதான் என்று நினைக்கிறேன். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகமும் வாங்க எல்லாரிடமும் பணம் இல்லை. வாங்கினாலும் உட்கார்ந்து படிக்க நேரம் இல்லை. பாக்கெட் நாவல் பஸ் ஸ்டாண்ட் கடையில், கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கியது. மட்டமான தாள், மெல்லிய அட்டை, டீ வடைக்கு ஆகிற காசு. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தவர் வாங்கினார். வாடகை நூலகத்தில் அட்டை கிழிந்து, தைத்து, மறுபடி கிழிந்து, இருபது கை மாறியது. எங்கள் தெருத் தையல்காரர் மிஷினுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருப்பார். காஜா எடுக்கக் கொடுத்த துணி வருவதற்குள் இரண்டு அத்தியாயம். புத்தகத்துக்காக நேரம் ஒதுக்க முடியாதவர்களிடம், அவர்களுக்குக் கிடைத்த நேரத்துக்குள் போய் உட்கார்ந்த இலக்கிய வடிவம் தமிழில் வேறு எது?

அதில் தொழில்திறன் இல்லையா? கோவை ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கு மேல் நாவல்கள் எழுதியவர். அவருடைய பல நாவல்களில் ஒரு முறை உண்டு. ஒன்றாம் அத்தியாயம் ஓர் ஊரில், ஒரு குடும்பத்தில். இரண்டாம் அத்தியாயம் வேறு ஊர், வேறு மனிதர்கள், வேறு பிரச்சினை. மூன்றாவதில் பழைய கதை தொடரும், நான்காவதில் புதியது. இரண்டும் எங்கே முட்டிக்கொள்ளும் என்று யோசித்தபடியே படிக்க வேண்டும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒருவர் இரண்டு கதைகளையும் மனசில் ஏந்திக்கொண்டு, அறுந்த இடத்தை நினைவு வைத்து, நூறு பக்கம் போகிறார் என்றால் அது உண்மையான வாசிப்புப் பயிற்சி. இந்தப் பழக்கம் வந்த பிறகு அவர் எந்தப் பெரிய நாவலுக்கும் பயப்பட மாட்டார்.

அப்புறம் எழுத்தாளர்களைக் கண்டடையும் விஷயம். மர்ம நாவல் வாசகர் ஒருவரோடு நிற்பதே இல்லை. ராஜேஷ்குமாரின் துப்பறிவாளர் விவேக்கைப் பிடித்துவிட்டால் பரத் - சுசீலா என்ற துப்பறியும் ஜோடியைத் தேடிப் பட்டுக்கோட்டை பிரபாகரிடம் போவார். அங்கிருந்து சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி. சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள் என்று தெரிந்ததும் அவர்கள் புத்தகம் எல்லாவற்றையும் தேடுவார். மூத்தவர்கள் யாராவது தமிழ்வாணனின் சங்கர்லாலைக் கையில் கொடுப்பார்கள். பெயரைப் பார்த்துப் புத்தகம் வாங்கும் வழக்கம் இப்படித்தான் வளர்ந்தது.

இதில் சுஜாதாவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். 1968-இல் குமுதத்தில் நைலான் கயிறு. வழக்கறிஞர் கணேஷ் தலைகாட்டியது அதில்தான். அவருடைய உதவியாளன் வசந்த் பின்னால் வந்து சேர்ந்தான். கொலையுதிர் காலத்தில் ஒரு பங்களா, ஒரு பெண், நடமாடும் உருவம். ஆவியா, அறிவியலா? பதில் தேடிப் போன வாசகர் ஹோலோகிராம் என்ற ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டு வந்தார். அதே வாசகர், பிடித்த எழுத்தாளர் ஆயிற்றே என்று சுஜாதாவின் அறிவியல் கட்டுரைகளை எடுத்தார். அடுத்து அவர் கைக்கு வந்தது புறநானூறு - ஓர் எளிய அறிமுகம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. கணேஷ், வசந்தோடு கொலையாளியைத் தேடிப் புறப்பட்டவர் கணியன் பூங்குன்றனாரிடம் வந்து சேர்ந்திருக்கிறார். அவரைக் கைபிடித்துக் கூட்டி வந்தவர் ஒரு மர்மக் கதை ஆசிரியர்.

எதிரணிக்கு இன்னொன்றும் சொல்கிறேன். சுஜாதா சரித்திர நாவலும் எழுதினார். ராஜராஜன் காலத்தில் நடக்கும் காந்தளூர் வசந்தகுமாரன் கதை. அதில் யாரை அனுப்பினார்? கணேச பட்டரையும் வசந்தகுமாரனையும். தம் துப்பறியும் ஜோடிக்கே சோழர் கால உடை உடுத்தி அனுப்பினார், ஏற்கெனவே நம்பி வந்த வாசகர்கள் பின்னாலேயே போனார்கள். பத்தாம் நூற்றாண்டுக்குப் போக வழிகாட்டியதும் அந்த மர்ம நாவல் ஜோடிதான்.

நடுவர் அவர்களே, சாண்டில்யனின் கடல் புறாவையும் அகிலனின் வேங்கையின் மைந்தனையும் நானும் அலமாரியில் முன்வரிசையில்தான் வைத்திருக்கிறேன். கேள்வி எது உயர்ந்தது என்பதில்லை. முதல் புத்தகம் எது என்பதுதான். இதுவரை ஒரு நாவலும் படித்து முடித்திராத தம்பியோ தங்கையோ இந்த அரங்கில் இருந்தால், இன்று இரவே கொலையுதிர் காலத்தைத் தொடங்குங்கள். முடித்த கையோடு காந்தளூர் வசந்தகுமாரன் கதை. பொன்னியின் செல்வனுக்கு அதன் பிறகு வாருங்கள், கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவனுக்குப் பக்கத்தில் நீங்களும் நிற்பீர்கள். எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.